கட்டியங்காரன் பேசியதை யாராவது நினைவில் வைத்திருக்கிறீர்களா?

மூன்றாமவள்

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் சென்ற ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவர் எப்போதோ சொன்ன ஒன்றைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்து முடிப்பதற்குள் அழுதார்கள். எல்லோரும் போன பிறகு நானும் அக்காக்களும் திண்ணையில் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் நினைவுபடுத்திப் பார்த்தோம். பாதிக்குமேல் எங்களுக்கே தெரியாதவை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக: எங்கள் ஊர் தருமபுரி மாவட்டத்தில் பாலக்கோட்டுப் பக்கம். அப்பா பகலில் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு, தெருத் தெருவாக வால்வு திறந்துவிடுபவர். பங்குனி பிறந்து ஊர்களில் பாரதம் தொடங்கிவிட்டால் இரவில் கூத்தில் கட்டியங்காரன், அதாவது வேடிக்கை பேசிக் கதையை நடத்திச் செல்பவர்.

கூத்தில் அர்ச்சுனனுக்குப் பாட்டு இருக்கிறது, திரௌபதிக்கு இருக்கிறது, துரியோதனனுக்கும் இருக்கிறது. எல்லாம் கூத்து வாத்தியார் வீட்டு நோட்டில் பத்திரமாக இருக்கின்றன. கட்டியங்காரன் பேசுவது மட்டும் எந்த நோட்டிலும் கிடையாது. அது அன்றைய இரவுக்கு, எதிரில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு, அந்த நொடியில் வருவது. ஆள் போனால் பேச்சும் கூடவே போய்விடுகிறது. இது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

குறிப்பாக ஒன்றைத் தேடுகிறேன். சிவனிடம் பாசுபத அஸ்திரம் வேண்டி அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் இரவில், அப்பா கீழே நின்று, "ராஜா, மேலே போனதும் உனக்குப் பாசுபதம் மட்டும் கேட்டுவிட்டு இறங்கிவிடாதே. எனக்கும் ஒரு வரம் கேள்" என்பார். அதற்குள் நான் அம்மா மடியில் தூங்கிவிடுவேன். கூட்டம் மொத்தமும் சிரிக்கும் சத்தத்தில் திடுக்கிட்டு விழிப்பேன். ஒவ்வொரு ஆண்டும் இப்படித்தான். பெரியவளானதும் கேட்டேன். "கூத்தில் வந்து கேட்டுக்கொள்" என்றார். பிறகு கல்லூரி, ஓசூரில் வேலை, கல்யாணம். போகவே இல்லை.

அவர் என்ன வரம் கேட்டார்? தெரிந்தவர்கள் எழுதுங்கள். வேறு எது நினைவிருந்தாலும் எழுதுங்கள். கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும் மட்டும் போதும்.

கடைசித் தெரு

தங்கைக்கு என் வருத்தங்கள். அந்த வரம் எது என்று எனக்கு நினைவில்லை. நாங்கள் அப்போதெல்லாம் கூட்டத்துக்குப் பின்னால் தூரத்தில்தான் உட்காருவோம். பாதி காதில் விழாது. ஆனால் தண்ணீரைப் பற்றி என்னால் சொல்ல முடியும்.

எங்கள் தெரு குழாயின் வால்முனை. தொட்டியிலிருந்து கிளம்பும் தண்ணீர் கோயில் தெருவையும் கடைத்தெருவையும் தாண்டித்தான் எங்களிடம் வர வேண்டும். மேலே இருப்பவர்கள் குழாயைத் திறந்துவிட்டால் எங்கள் குழாயில் வெறும் காற்று மட்டும் புஸ்ஸென்று வரும். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வயல் கிணறுகளுக்கு நடந்தார்கள். எல்லாக் கிணறுகளிலும் எங்களை இறங்க விடவும் மாட்டார்கள்.

மாமா வேலைக்கு வந்த முதல் வாரமே முறையை மாற்றினார். தொட்டி நிறைந்ததும் மேல்தெரு வால்வுகளை மூடிவிட்டு, முதல் அரை மணி நேரம் எங்கள் பக்கம் மட்டும் திறந்தார். தொட்டி நிறைந்திருக்கும்போதுதான் அழுத்தம் அதிகம். அந்த அழுத்தத்தை எங்களுக்குக் கொடுத்தார். மேல்தெருக்காரர்கள் தொட்டிக்கு அருகில் இருப்பதால் மட்டம் இறங்கிய பிறகும் அவர்களுக்குத் தாராளமாகவே வந்தது. இவ்வளவுதான் விஷயம். அதுவரை யாருக்கும் செய்யத் தோன்றவில்லை, அல்லது செய்ய விருப்பமில்லை.

நான்கு பெரிய வீட்டுக்காரர்கள் தொட்டியடிக்கு வந்தார்கள். நான் குடத்தோடு அங்கே நின்றுகொண்டிருந்தேன். "எந்த ஊரில் கடைசித் தெருவுக்கு முதலில் தண்ணீர் விடுகிறார்கள்?" என்று ஒருவர் கேட்டார். மாமா வால்வுச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, "நான் எங்கே விட்டேன்? தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும் என்று சின்ன வயதில் நீங்கள்தானே எனக்குச் சொன்னீர்கள்? போகாதே என்று நீங்களே அதனிடம் சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் சொன்னால் கேட்கும்" என்றார். நால்வரில் ஒருவர் சிரித்துவிட்டார். அதன்பின் மற்ற மூவராலும் கோபத்தைப் பிடித்துவைத்திருக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் அவரை முதன்முதலில் மாமா என்று கூப்பிட்டபோது எனக்கு ஒன்பது, பத்து வயது இருக்கும். கூப்பிட்ட பிறகுதான் பயந்தேன். அவர் திரும்பி, "என்ன மாப்பிள்ளை?" என்றார். அவருடைய தெருவிலிருந்து எங்கள் தெருப் பையனுக்கு அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார், டீக்கடையில் பத்துப் பேர் நடுவிலும்.

பள்ளிக்கூடத்து ஐயா

நான் அந்த ஊர்ப் பள்ளியில் பதினொரு ஆண்டுகள் பணியாற்றினேன். டெல்டாப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். வந்த புதிதில் ஒன்று புரியவில்லை. பிள்ளைகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வார்கள். வெட்கம் போலும் என்று நினைத்தேன். பிறகுதான் பற்களைக் கவனித்தேன். மஞ்சளும் பழுப்புமாகக் கோடு கோடாகக் கறை.

இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாறையிலிருக்கும் ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது வரம்பு. இங்கே பல ஆழ்துளைக் கிணறுகளில் அது தாண்டியிருந்தது. ஈறுக்குள் பல் உருவாகும் வயதிலேயே கறை படிந்துவிடும், துலக்கினால் போகாது. தண்ணீரைக் காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். இதை வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் சொன்னது நான் அல்ல, அவர்தான். நான் சொன்னால் பாடம் என்று நினைப்பார்கள். அவர் சொன்னால் உட்கார்ந்து கேட்பார்கள்.

அவருக்கும் அதே பற்கள்தான். ஆனால் வாயை மூடிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கூத்தில் திரையை விலக்கிக்கொண்டு வந்ததும் முதல் வேலையாக எல்லாப் பற்களையும் காட்டுவார். "பாருங்கள், அத்தனையும் பொன் பல். தட்டானுக்குக் கூலி கொடுக்காமல் தருமபுரித் தண்ணீர் இலவசமாகக் கட்டிக்கொடுத்தது. உங்களிடம் எத்தனை பவுன் இருக்கிறது? காட்டுங்கள்!" முன்வரிசைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பல்லைக் காட்டிக்கொண்டு உருண்டு சிரிப்பார்கள். ஒரு கைகூட வாய்க்குப் போகாது. வகுப்பறையில் என்னால் செய்ய முடியாததை அவர் கால் மணி நேரத்தில் செய்தார்.

அவர் கழுத்தை மட்டும் திருப்பமாட்டார், உடம்பையே திருப்புவார். கூட்டம் அதற்கும் சிரித்தது. அது நடிப்பு அல்ல. முதுகெலும்பும் கழுத்தும் இறுகிவிட்டிருந்தன. பல்லைத் தொட்டது எலும்பையும் தொட்டிருந்தது. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பேச விட்டதில்லை.

ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. எங்கள் ஊர்த் தொட்டியில் காவிரித் தண்ணீர் விழுந்த அன்று அவர் எந்த வேடிக்கையும் பேசவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் அனுப்பிவையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் கையாலேயே ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தார். "நீங்கள் குடியுங்கள். எங்களுக்குப் பல் கட்டி முடித்தாகிவிட்டது" என்றார். நான் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

காவேரிப்பட்டணம் மச்சான்

நான் அவருக்கு மைத்துனன் முறை. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது எல்லோருக்கும் நினைவிருக்கும். அக்கா பிறந்த வீடு கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டது, வாழ்க்கைப்பட்ட வீடு தருமபுரியிலேயே நின்றுவிட்டது. அந்த வாரமே மாமா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலைத் தாண்டாமல் நின்றார். "நேற்றுவரை நான் உள்ளூர் மாப்பிள்ளை. இன்று வெளிமாவட்டத்து மாப்பிள்ளை. எல்லை தாண்டி வந்திருக்கிறேன். மரியாதையைக் கூட்டிப் போடுங்கள்" என்றார். என் அம்மா சிரித்துக்கொண்டே ஆரத்தி எடுத்தாள். திரும்பிப் போகும்போது ஒரு கிலோ நிப்பட்டு கட்டிக்கொடுத்தோம். அது அவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை என்று அக்கா பிறகு சொன்னாள். பஸ்ஸில் இருந்த பிள்ளைகளுக்கே தீர்ந்துவிட்டதாம்.

சென்ட்ரிங் தம்பி

பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருக்கிறேன். லீவு கிடைக்காததால் காரியத்துக்கு வர முடியவில்லை. அது மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது.

என் அப்பா குடிப்பார். இதைச் சொல்லாமல் மாமா செய்ததைச் சொல்ல முடியாது. கூத்து நடக்கும்போது ஊர்க்காரர்கள் பத்து, இருபது என்று அன்பளிப்பு கொடுப்பார்கள். கட்டியங்காரன் பெயரைச் சொல்லி அறிவிப்பார். மத்தளம் ஒரு சுற்று முழங்கும். யார் அப்பா எவ்வளவு கொடுத்தார் என்பதுதான் மறுநாள் பள்ளியில் பேச்சு. என் அப்பா பெயர் வந்ததே இல்லை. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒருவன் அதைச் சொல்லியே என்னை அடித்துவிட்டான்.

அந்த ஆண்டு, சூதாட்டமும் திரௌபதி துகிலுரிதலும் ஆடும் பகடைத் துகில் இரவு. மாமா கூத்தை நிறுத்தினார். என் அப்பாவின் பெயரை, தாத்தாவின் பெயரோடு சேர்த்து, முழுதாகச் சொன்னார். "கூத்துக்கு அன்பளிப்பு ரூபாய் ஐம்பத்தொன்று! அவர் குடும்பம் தழைக்கட்டும்! அவர் மகன் அங்கே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு இவனும் கொடுப்பான்!" மத்தளம் முழங்கியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

அந்தப் பணம் மாமாவுடையது என்று எனக்குத் தெரிந்தது பத்தாண்டுகளுக்குப் பிறகு, ஆர்மோனியக்காரர் சொல்லி. மறுநாள் காலையில் மாமா அப்பாவிடம் வந்து, "ஐம்பத்தொன்று உன் பேரில் பாக்கி இருக்கிறது. பணமாக வாங்கமாட்டேன். தொட்டி கழுவ ஒரு நாள் கூட வா" என்றாராம். அப்பா போனார். அதன்பின் தொட்டி கழுவும் நாள் எல்லாம் போனார். குடியை அவர் விடவில்லை, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாரதம் நடக்கும் பதினெட்டு நாளும் தொடமாட்டார். சாகும்வரை அப்படித்தான் இருந்தார். அந்தப் பதினெட்டு நாள் எங்கள் அம்மாவுக்கு எவ்வளவு பெரியது என்று சொல்லத் தெரியவில்லை.

மளிகைக்கடை

எல்லோரும் எழுதியது உண்மை. நானும் அவரோடு பழகியவன், அவர் மேல் அன்பு உள்ளவன். ஆனாலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் இது முழுமையாகாது.

தொட்டி பார்ப்பவருக்குப் பஞ்சாயத்து கொடுப்பது சொற்பச் சம்பளம். கூத்தில் வருவது அதைவிடக் குறைவு. அதிலிருந்து எடுத்து ஊருக்குக் கொடுத்தால் வீட்டில் என்ன மிஞ்சும்? என் கடையில் அவர்கள் வீட்டுக் கணக்கு மாதக்கணக்கில் பாக்கி நின்றிருக்கிறது. அந்த ஐம்பத்தொரு ரூபாய் என் கடைக்கு வர வேண்டியதாகவும் இருந்திருக்கலாம். பாக்கி ஒரு காசு விடாமல் வந்துவிட்டது, ஆனால் கொண்டுவந்தது அந்த அம்மாள். எருமைப் பால் ஊற்றிச் சேர்த்த பணம். நள்ளிரவில் ஐம்பத்தொன்று என்று அறிவித்தால் மத்தளம் முழங்குகிறது. காலை ஐந்து மணிக்குப் பால் கறப்பதற்கு யார் மத்தளம் அடித்தார்கள்? அவரைப் பற்றி எழுதும்போது அந்த அம்மாளையும் எழுதுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இரண்டாமவள்

மளிகைக்கடை அண்ணன் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "சரியாகத்தான் எழுதியிருக்கிறான். இன்னும் கொஞ்சம் சேர்த்தே எழுதியிருக்கலாம்" என்றாள். "ஊருக்குச் சிரிப்பு, எனக்குக் கணக்கு" என்பது அவள் எங்கள் சின்ன வயது முழுவதும் சொன்னது.

ஒருமுறை யாருடைய வீட்டுப் பிரசவத்துக்கோ அம்மாவின் கம்மலை அடகு வைத்துவிட்டார். கேட்காமல் எடுத்தது தவறு. அம்மா பதினொரு நாள் அவரோடு பேசவில்லை. அப்பா அந்தப் பதினொரு நாளும் எங்கள் வீட்டு ஆட்டிடம் பேசினார். சாப்பிட உட்கார்ந்து, "உங்கள் எஜமானியம்மாவிடம் சொல், குழம்பில் உப்பு குறைவு" என்பார். ஆடு கத்தும். "சரி என்கிறாளா? நல்லது" என்பார். பன்னிரண்டாம் நாள் அம்மா ஆட்டைப் பார்த்து, "வேண்டுமானால் போட்டுக்கொள்ளச் சொல்" என்றாள். அந்த ஆண்டு மாங்காய்ப் பருவம் முழுவதும் அப்பா கிருஷ்ணகிரி மண்டியில் இரவில் லாரிக்குப் பெங்களூரா மாங்காய் ஏற்றிக் கம்மலை மீட்டார். அப்போதே முதுகு வலி இருந்தது. இதையும் அம்மாதான் எழுதச் சொன்னாள்.

அம்மா பால் கறக்கும் நேரத்தில் அடுப்பு அப்பாவுடையது. கேழ்வரகுக் களி கிண்டி, எங்கள் வயதுப்படி மூன்று அளவில் உருட்டிவைப்பார். பிறகு சடை. மூன்று பேருக்கும் இரட்டைச் சடை, மொத்தம் ஆறு. வால்வு திறக்க நேரமாகிவிட்டால் ஐந்தோடு நின்றுவிடும். யாருக்காவது ஒரு பக்கம் விரிந்த தலை. "இன்று திரௌபதி சபதம் உன் முறை" என்று சொல்லிவிட்டு ஓடுவார்.

தங்கை பிறந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்றாவதும் பெண் என்றதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உறவுக்காரப் பெண்கள் யாரும் பேசவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் மாவட்டம் எதற்குப் பெயர் வாங்கியிருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். பெண் சிசுக்கொலையைத் தடுக்கச் சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் இங்கேயும் கொண்டுவர வேண்டியிருந்தது. அப்பா கல்கண்டு வாங்கி வந்து, அந்த வராந்தாவிலிருந்தே கொடுக்கத் தொடங்கினார். "மூவேந்தரும் வந்துவிட்டார்கள். இனி எங்கள் வீட்டில் போருக்குப் பஞ்சமில்லை" என்றார். முதலில் சிரித்தது ஆயாதான்.

எலுமிச்சை

இதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இதுவரை எங்கும் சொன்னதில்லை.

தபசு இரவில் குழந்தை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு மரத்தடியில் இருப்போம். அர்ச்சுனன் மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் பூவும் எறிவார். மடியேந்தி வாங்க வேண்டும். நான் மூன்று ஆண்டுகள் உட்கார்ந்தேன். மூன்றாம் ஆண்டு என் மாமியார் பக்கத்திலேயே நின்றுகொண்டு, ஆண் பிள்ளை வேண்டும் என்று சத்தமாக வேண்டிக்கொண்டிருந்தார். கட்டியங்காரர் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

"அம்மாமார்களே, பழத்தில் ஆண் பெண் என்று எழுதியிருக்காது. புரட்டிப் புரட்டிப் பார்க்காதீர்கள். வாங்கிய பொருளைத் திருப்பி எடுக்கிற வழக்கம் சிவன் கடையில் இல்லை. பெண் வந்து, வேண்டாம் என்று யாருக்காவது தோன்றினால் என் வீட்டில் கொண்டுவந்து விடுங்கள். ஆறு சடையோடு இன்னும் இரண்டு பின்னுவதில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் மாமியார் சிரிக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் கலைப்பயணக் குழுக்களும் ஊருக்கு வந்து பெண் சிசுக்கொலையை எதிர்த்துத் தெருநாடகம் போட்டார்கள். நல்ல நாடகங்கள், நானும் அழுதுகொண்டே பார்த்தேன். ஆனால் அவர்கள் மறுநாள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். இவர் எங்கேயும் போகமாட்டார்.

எனக்குப் பெண் பிறந்தது. ஐந்தாம் நாள் காலையில், ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு. வேறு ஒன்றுமில்லை. என் மாமியாரைப் பார்த்து, "சடை பின்ன ஆள் தேவைப்படுமா என்று கேட்டுவிட்டுப் போக வந்தேன்" என்றார். மாமியார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "வேண்டாம். நானே பின்னிக்கொள்வேன்" என்றார். "அப்படியானால் சீப்பையாவது வைத்துக்கொள்ளுங்கள்" என்று திண்ணையில் வைத்துவிட்டுப் போனார்.

என் மகள் இப்போது செவிலியராக இருக்கிறாள். அவளுக்குப் பன்னிரண்டு வயதுவரை சடை பின்னிவிட்டது என் மாமியார்தான்.

அர்ச்சுனன் வேடம்

மகளே, நான்தான் அந்த மரம் ஏறியவன். கைப்பேசியில் எழுத்து அடிக்கப் பேரன் உதவி செய்கிறான்.

நீ கேட்ட வரம் இதுதான். "எனக்கும் ஒரு வரம் கேள் ராஜா" என்பார். "உனக்கு என்ன வரம் வேண்டும்?" என்று நான் பாதி மரத்திலிருந்து கேட்பேன். "மூன்று மருமகன்கள்." "மூன்றா? சரி, கேட்கிறேன்." "பொறு ராஜா, அவசரப்படாதே. வரதட்சணை கேட்காத மூன்று மருமகன்கள்." நான் வானத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் கேட்பேன். பிறகு கீழே குனிந்து, "கட்டியங்காரா, சிவபெருமான் சொல்கிறார், வேண்டுமானால் பாசுபதத்தை இரண்டாகத் தருகிறாராம். அது மட்டும் அவராலும் முடியாதாம்" என்பேன். அப்போதுதான் நீ விழித்திருப்பாய்.

இதில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்தக் கடைசி வரி என்னுடையது அல்ல. எனக்கு முன்னால் அர்ச்சுனன் கட்டியவர் பெரிய குரல்காரர். நான் கட்டிய முதல் ஆண்டு, பாதிக் கூட்டம் எழுந்து டீக்கடைக்குப் போய்விட்டது. அந்த ஆண்டு உன் அப்பா சிவபெருமான் குரலிலும் தானே பேசி, கடைசி வரியைத் தானே சொன்னார். அப்படி ஒரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. அடுத்த ஆண்டு ஒப்பனைப் பந்தலில், எனக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தபோது வந்தார். "கடைசி வரி இனி உனக்கு. வானத்தைப் பார்த்து மனதுக்குள் மூன்று எண்ணு. அவசரப்பட்டால் விழாது" என்றார். அதன்பின் ஒரு தடவைகூட அவர் அதைச் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் அதை அர்ச்சுனன் வேடக்காரனின் வேடிக்கை என்றுதான் சொல்கிறார்கள். அந்த வரியால்தான் என்னைக் கூத்துக்குக் கூப்பிட்டார்கள் என்றுகூடச் சொல்வேன்.

இத்தனை ஆண்டுகளாக நான் திருத்தவில்லை. அவர் திருத்த விடவில்லை.

மூன்றாமவள்

ஐயா, அலுவலகத்தில் உட்கார்ந்து படித்தேன். மேலே எழுத முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரவு அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். இரண்டு பாசுபதம் என்ற இடத்தில் சிரித்தாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. மடியில் நான் தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தம் போடாமல் சிரிப்பாளாம். வரி யாருடையது என்பதும் அவளுக்குத் தெரியும். வீட்டில் களி கிண்டிக்கொண்டே அப்பா அதை ஒத்திகை பார்த்தாராம்.

பிறகு ஒன்றை இங்கே எழுதச் சொன்னாள். மூன்று மருமகன்களும் ஒன்றும் கேட்காமல்தான் கட்டிக்கொண்டார்கள். மூத்தவருக்கு மட்டும் அரைப் பவுனில் ஒரு மோதிரம் போட்டது உண்டு. அது அவர் கேட்டதல்ல, அப்பாவாகப் போட்டது. அதற்கான பால் பணம் அவளுடையது. மளிகைக்கடை அண்ணன் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம்.